போர்க்கப்பல் உச்சிக்கொடி: உருண்டை, நட்சத்திரம், பென்னன்ட். எதை எப்படிப் படிப்பது?

காகிதக்கப்பல் கேட்கிறார்:

மூன்று கப்பல் மாதிரிகளுக்குக் கொடி வெட்ட வேண்டும். ஒன்று 1805 டிரஃபால்கர் கடற்போர்க் காலத்து மூன்றடுக்குப் பீரங்கிக் கப்பல். இரண்டாவது, இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் குரூஸர். மூன்றாவது, இன்றைய அமெரிக்க டெஸ்ட்ராயர். பின்பக்கம் பறக்கிற, நாட்டைக் காட்டும் கொடியான என்சைனில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாய்மர உச்சியில் பறக்கிறதே, அதுதான் புரிபடவில்லை.

சில பிரிட்டிஷ் படங்களில் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவையும் ஓரத்தில் ஒரு சிவப்பு உருண்டையும் இருக்கின்றன. சிலவற்றில் இரண்டு உருண்டைகள். சிலவற்றில் உருண்டையே கிடையாது. இரண்டு இருந்தால்தான் பெரிய அதிகாரியா? வேறு சில படங்களில் கொடியே இல்லை, மெல்லிய ரிப்பன் போல ஒன்று மட்டும் ஆடுகிறது. ஒரே கப்பலில் இரண்டையும் சேர்த்துப் போடலாமா? அமெரிக்கப் படங்களில் நீலத் துணியில் வெள்ளை நட்சத்திரம் இருக்கிறது, வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரமும் இருக்கிறது. இரண்டில் எது சரி? கடைசியாக ஒன்று: துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் குறுக்குச் சட்டத்தின் வலப்பக்கம் பச்சை, வெள்ளை, பச்சை என்று முனை நோக்கிக் குறுகும் ஒரு கொடி, அதாவது பென்னன்ட், தெரிகிறது. அது யாருடையது?

நங்கூரம் எழுதுகிறார்:

உருண்டையில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், கவலைப்படாதீர்கள். பிரிட்டிஷ் முறையில் கணக்கு தலைகீழ். உருண்டை கூடக் கூடப் பதவி இறங்கும். வெறும் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் முழு அட்மிரல். கம்பத்தோரம் மேல்கட்டத்தில் ஓர் உருண்டை இருந்தால் வைஸ் அட்மிரல். கம்பத்தோரமே மேல்கட்டத்தில் ஒன்று, கீழ்க்கட்டத்தில் ஒன்று என இரண்டு இருந்தால் ரியர் அட்மிரல். அட்மிரல் ஆஃப் த ஃப்ளீட் என்ற உச்சப் பதவிக்குச் சிலுவைக்கொடி கிடையாது, பிரிட்டனின் தேசியக்கொடியான யூனியன் கொடியே அவருடைய பதவிக்கொடி.

இதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது. பாய்க்கப்பல் காலத்தில் பதவியைச் சொன்னது எந்தப் பாய்மரத்தில் கொடி பறக்கிறது என்பதுதான். நடு மரமான மெயினில் பறந்தால் அட்மிரல், முன் மரத்தில் பறந்தால் வைஸ் அட்மிரல், பின் மரமான மிசனில் பறந்தால் ரியர் அட்மிரல். மூன்று மரம் உள்ள கப்பலுக்கு இது போதும். ஒற்றை மரப் படகில் அதிகாரி போனால் என்ன செய்வது? அங்கே இடத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. அதனால் கொடியிலேயே அடையாளம் வைத்தார்கள். நீராவி இரும்புக் கப்பல்கள் வந்து மூன்று மரம் என்பதே போனபோது, படகுக்கு வைத்த உருண்டை கப்பலுக்கும் வந்து சேர்ந்தது. ஆக உருண்டையைப் பெருமைச் சின்னமாகப் பார்க்காதீர்கள். ‘நான் முழு அட்மிரல் இல்லை, ஒரு படி கீழே, இரண்டு படி கீழே’ என்று எண்ணிச் சொல்கிற குறி அது. பழைய படகுச் சங்கங்களில்கூட வைஸ் கமடோர் கொடிக்கு ஓர் உருண்டை, ரியர் கமடோர் கொடிக்கு இரண்டு என்று இதே கணக்குதான் ஓடுகிறது.

உருண்டையைக் கம்பத்தோரம் வைத்ததும் பொருத்தமே. பறக்கும் முனை காற்றில் அடிபட்டு மடங்கும், முதலில் கிழிவதும் அதுதான். கம்பத்தோரம் எப்போதும் விரிந்தே நிற்கும்.

ஒரு பொறி இருக்கிறது. ரியர் அட்மிரலுக்கு அடுத்த கீழ்ப்படியான கமடோரின் கொடி பிராட் பென்னன்ட். அதிலும் சிவப்புச் சிலுவை உண்டு, மேல்கட்டத்தில் ஓர் உருண்டையும் உண்டு. தூரத்தில் பார்த்தால் வைஸ் அட்மிரல் கொடி மாதிரியே தெரியும். உருண்டையை விட்டுவிட்டு வால் முனையைப் பாருங்கள். நேராக வெட்டியிருந்தால் அட்மிரல் வகை. இரட்டை வாலாகப் பிளந்திருந்தால் கமடோர். காற்றில்லாத நாளில் எடுத்த படமாக இருந்தால் இரண்டும் தொங்கிக்கொண்டு ஒன்றுபோலவே இருக்கும். அந்த மாதிரிப் படத்தை மட்டும் நம்பித் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

1805 மாதிரிக்கு வெள்ளையில் சிவப்புச் சிலுவை வெட்டி முன் மரத்தில் போட்டுவிடுங்கள். வைஸ் அட்மிரல் என்றால் அதுதான்.

கொடிக்கயிறு எழுதுகிறார்:

நங்கூரம் சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். 1805-ல் வைஸ் அட்மிரல் என்றால் முன் மரம் என்பது சரி. ஆனால் எல்லா வைஸ் அட்மிரலுக்கும் சிலுவைக்கொடி கிடையாது.

அன்றைக்கு அட்மிரல்கள் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று அணிகளில் இருந்தார்கள். மூப்பு வரிசையும் அதே: சிவப்பு முதலில், பிறகு வெள்ளை, கடைசியில் நீலம். நீல அணியின் ரியர் அட்மிரலாகத் தொடங்குகிறவர், வெள்ளை ரியர், சிவப்பு ரியர் என்று ஏறி, அப்புறம்தான் நீல வைஸ் அட்மிரல் ஆவார். சிவப்பு அணியின் முழு அட்மிரல் என்ற தனிப் பதவியே 1805-ல்தான் வந்தது. அதற்குமுன் அந்த இடத்தில் இருந்தவர் அட்மிரல் ஆஃப் த ஃப்ளீட்.

சிவப்பு அணிக்கு வெறும் சிவப்புத் துணி, நீல அணிக்கு வெறும் நீலத் துணி. வெள்ளை அணிக்கு மட்டும் சிலுவை. அந்தச் சிலுவையும் 1702-ல் சேர்ந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களும் வெள்ளைக்கொடி பறக்கவிட்டதால் கடலில் ஆள் அடையாளம் தெரியாமல் போகும் என்பதே காரணம்.

டிரஃபால்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் படைத்தலைவர் நெல்சன் வெள்ளை அணியின் வைஸ் அட்மிரல். அவர் கப்பலான விக்டரியின் முன் மரத்தில் சிலுவைக்கொடி. காலிங்வுட் நீல அணியின் வைஸ் அட்மிரல். ராயல் சாவரின் முன் மரத்தில் வெறும் நீலக்கொடி. நார்தெஸ்க் பிரபு வெள்ளை அணியின் ரியர் அட்மிரல். பிரிட்டானியாவின் மிசன் மரத்தில் சிலுவைக்கொடி. முறைப்படி காலிங்வுட் கப்பல் நீல என்சைன் போட்டிருக்க வேண்டும். ஆனால் போரின் புகையில் குழப்பம் வரக்கூடாது என்று மொத்தப் படையையும் வெள்ளை என்சைன் போடச் சொன்னார் நெல்சன். அதனால் என்சைனைப் பார்த்து உச்சிக்கொடி நிறத்தை முடிவு செய்கிறவர்கள் ராயல் சாவரினில் தவறிவிடுவார்கள். பின்னால் வெள்ளை, முன் மர உச்சியில் நீலம். விற்பனைக்கு வரும் கொடித்தாள்களிலும் இந்த இடத்தைச் சரிபார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

மூன்று நிற ஏற்பாடு 1864-ல் ஒழிந்தது. வெள்ளை என்சைன் கடற்படைக்கு, சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு, நீலம் அரசுப் பணிக் கப்பல்களுக்கும் துணைப்படையினருக்கும் என்று பிரிந்தது. எல்லா அட்மிரல்களுக்கும் சிலுவைக்கொடி பொதுவானது. ஆகவே உங்கள் குரூஸருக்கு நிறக் கவலை வேண்டாம், உருண்டைக் கணக்கு மட்டும் போதும்.

மாலுமிநூலகம் எழுதுகிறார்:

ரிப்பன் பற்றி யாரும் தொடவில்லை. அதன் பெயர் கமிஷனிங் பென்னன்ட். மாஸ்ட்ஹெட் பென்னன்ட் என்றும் சொல்வார்கள். அதிகாரியின் பதவியை அது சொல்வதில்லை. ‘இது பணியில் சேர்க்கப்பட்ட போர்க்கப்பல், கடற்படை அதிகாரி ஒருவர் ஆணையில் நடக்கிறது’ என்பது மட்டுமே அதன் செய்தி. கப்பல் பணியில் சேரும் நாளில் ஏறும், பணி முடியும் நாளில் இறங்கும். நடுவில் இரவு பகல் எந்நேரமும் உச்சியில் இருக்கும். காலையில் ஏற்றிச் சாயங்காலம் இறக்கும் சடங்கு என்சைனுக்குத்தான், பென்னன்டுக்குக் கிடையாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ‘சேர்த்துப் போடலாமா’ கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. பதவிக்கொடி ஏறினால் பென்னன்ட் இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்து பறக்காது. அட்மிரல் கொடியோ, கமடோரின் பிராட் பென்னன்டோ, நாட்டுத் தலைவரின் கொடியோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கொடி இறங்கும் கணத்தில் பென்னன்ட் திரும்ப ஏறும். உச்சி வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பதவிக்கொடியும் இரவு பகல் பறப்பதே.

அதனால் படம் பார்க்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: உச்சியில் கொடியா, பென்னன்டா? பென்னன்ட் என்றால் கேப்டனுக்கு மேல் யாருடைய ஆணையும் அந்தக் கப்பலிலிருந்து நடக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை இதைப் பிரைவேட் ஷிப் என்று சொல்லும். பெயரைப் பார்த்துத் தனியார் கப்பல் என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு, சிரிப்புத்தான் வரும். அட்மிரலின் கொடி தாங்காத அரசுக் கப்பல் என்பதே அதன் பொருள்.

பதவிக்கொடி ஆளின் பதவிக்கு மட்டும் பறப்பதில்லை, ஆணை செலுத்தும் பொறுப்புக்குப் பறக்கிறது. ஓய்வு பெற்ற அட்மிரல் விருந்துக்கு வந்தார் என்று கொடி ஏறாது. ஒருவருடைய கொடி ஒரு நேரத்தில் ஒரு கப்பலில்தான் இருக்கும். அவர் வேறு கப்பலுக்கு மாறினால் இங்கே இறங்குவதும் அங்கே ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்படி சிக்னல் கொடுத்து ஒழுங்கு செய்வார்கள். இரண்டு அட்மிரல்கள் ஒரே கப்பலில் இருந்தால் மூத்தவர் கொடி மட்டும் பறக்கும். மாதிரி செய்கிறவர்கள் ‘இந்த அட்மிரலின் கப்பல்’ என்று படித்துவிட்டு உடனே கொடியை ஒட்டுகிறார்கள். நீங்கள் காட்டுகிற நாளில் அவர் அந்தக் கப்பலில்தான் கொடி வைத்திருந்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும் போரில் அடிபட்ட கொடிக்கப்பலை விட்டு நடுவிலேயே மாறியவர்கள் உண்டு.

பென்னன்ட் பிறந்த கதை என்று ஒன்று சொல்வார்கள். 1652–54 ஆங்கில–டச்சுப் போரில் டச்சு அட்மிரல் டிராம்ப் பாய்மரத்தில் துடைப்பம் கட்டினாராம், உன்னைக் கடலிலிருந்தே பெருக்கித் தள்ளுவேன் என்று. ஆங்கிலேயத் தளபதி பிளேக் பதிலுக்குச் சாட்டையைக் கட்டினாராம், அதுவே பென்னன்ட் ஆனதாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கப்பல் உச்சியில் நீண்ட கொடிகள் அதற்கு மிக முன்பே பறந்தன.

பணி முடியும்போது பறப்பது வேறு வகை. பேயிங் ஆஃப் பென்னன்ட் பிரிட்டிஷ் வழக்கில் கப்பல் நீளத்துக்கு இருக்கும், வழக்கமான காலத்தைத் தாண்டிப் பணி நீண்டிருந்தால் அதற்கேற்ப இன்னும் நீளும். இந்தியக் கடற்படையிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. சூரியன் மறையும் வேளையில் என்சைனோடு கடைசியாக இறங்கும். அமெரிக்கர்கள் இதற்கு இணையாக வைத்திருப்பது ஹோம்வர்டு பவுண்ட் பென்னன்ட். 270 நாள் தொடர்ந்து வெளிநாட்டுக் கடலில் இருந்த கப்பலுக்கு மட்டும் உரியது. கம்பத்தோரம் நீலத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரம், அதன்பின் கூடுதலான ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் ஒரு நட்சத்திரம். மீதி நீளம் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அந்தக் காலத்தை முழுதாக முடித்த ஆள் ஒருவருக்கு ஓர் அடி நீளம், ஆனால் கப்பலின் நீளத்தைத் தாண்டக் கூடாது. ஊர் வந்து சேர்ந்த நாள் சூரியன் மறைந்ததும் இறக்கி, நட்சத்திரப் பகுதியைக் கேப்டனுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெட்டி எல்லோருக்கும் பங்கு போடுவார்கள்.

காகிதக்கப்பல்:

உருண்டை தெளிந்துவிட்டது, நன்றி. ராயல் சாவரின் தகவல் நல்ல நேரத்தில் வந்தது, வெள்ளைத் துணியில் கோடு போட்டு வைத்திருந்தேன். அமெரிக்க நட்சத்திரத்தையும் அந்தப் பச்சை பென்னன்டையும் யாராவது சொல்லுங்கள். டெஸ்ட்ராயர் ஒன்றில் இரட்டை வால் கொடியும் பார்த்தேன். வெள்ளைத் துணி, மேலும் கீழும் நீலப் பட்டை. அங்கே கமடோருக்கு ஒரு நட்சத்திரக் கொடி இல்லையா?

கொடிக்கயிறு:

அமெரிக்க முறையில் கணக்கு நேரானது. நட்சத்திரம் கூடக் கூடப் பதவி ஏறும். ரியர் அட்மிரல் கீழ்ப்பாதி என்ற பதவிக்கு ஒன்று, ரியர் அட்மிரலுக்கு இரண்டு, வைஸ் அட்மிரலுக்கு மூன்று, அட்மிரலுக்கு நான்கு, ஃப்ளீட் அட்மிரலுக்கு ஐந்து. ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் லீஹி, கிங், நிமிட்ஸ், ஹால்சி ஆகிய நால்வர் மட்டுமே. ஆகவே இன்றைய டெஸ்ட்ராயரில் அது வராது.

அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கடற்படைக் கொடியில் இரண்டு நட்சத்திரம் என்றால் ஒன்றன் கீழ் ஒன்று நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அது தரைப்படை ஜெனரலின் கொடி பாணி ஆகிவிடும். மூன்று முக்கோணமாக, நான்கு சாய்சதுரமாக. நான்கை ஒரே வரியில் போடுவது மாதிரிக்காரர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

நிறக் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் சரிதான், ஆள்தான் வேறு. கடலில் ஆணை செலுத்தத் தகுதி உள்ள அட்மிரலுக்கு நீலத்தில் வெள்ளை நட்சத்திரம். மருத்துவம், வழங்கல், பொறியியல் போன்ற பிரிவுகளில் அட்மிரல் பதவி பெற்று, கடலில் ஆணைத் தகுதி இல்லாதவர்களுக்கு வெள்ளையில் நீல நட்சத்திரம். போர்க்கப்பல் மாதிரிக்கு அநேகமாக நீலத் துணியே பொருந்தும்.

உங்கள் இரட்டை வால் கொடி பிராட் கமாண்டு பென்னன்ட். அட்மிரல் அல்லாத ஒருவர், பெரும்பாலும் கேப்டன் பதவியில் இருப்பவர், ஸ்குவாட்ரன் போன்ற பல கப்பல் அணியை நடத்தினால் அது ஏறும். அவரைப் பேச்சு வழக்கில் கமடோர் என்பார்கள், அதனால்தான் நீங்கள் நட்சத்திரம் தேடியிருக்கிறீர்கள். பட்டை நீலத்துக்குப் பதில் சிவப்பாக இருந்தால் பர்ஜி கமாண்டு பென்னன்ட். அது டிவிஷன் போன்ற சிறு அணித் தலைவருக்கு. துணியில் அணியின் எண் இருக்கலாம். இவையும் கமிஷனிங் பென்னன்டை இறக்கிவிட்டுத்தான் ஏறும். கமிஷனிங் பென்னன்டின் தோற்றம்: கம்பத்தோரம் நீலத்தில் ஏழு வெள்ளை நட்சத்திரம், மீதி மேலே சிவப்பு கீழே வெள்ளை.

பச்சை, வெள்ளை, பச்சைப் பென்னன்ட் பதவிக்கொடியே அல்ல. துறைமுகத்தில் பல போர்க்கப்பல்கள் கூடியிருக்கும்போது அவற்றில் மூத்த அதிகாரி எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று காட்டும் ஸ்டார்போர்டு பென்னன்ட். வந்து சேரும் கப்பல், யாரிடம் போய் வணக்கம் சொல்லி உத்தரவு கேட்பது என்று இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அவர் வெறும் கமாண்டராகக்கூட இருக்கலாம். ஆகவே உச்சியில் கமிஷனிங் பென்னன்டும் குறுக்குச் சட்டத்தில் இதுவும் சேர்ந்து இருப்பதில் முரண் இல்லை. நேட்டோ நாடுகளின் கப்பல்களிலும் இதே பென்னன்ட்தான். இதே துணியில் ஒரு மதுக்கோப்பையின் படம் இருந்தால் அது ஜின் பென்னன்ட்: மற்றக் கப்பல் அதிகாரிகளுக்கு மது அழைப்பு. எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

குறுக்குச் சட்டத்தில் இன்னும் சில முக்கோணங்கள் தெரிந்தால் அவை சப்ஸ்டிட்யூட் கொடிகளாக இருக்கும். அமெரிக்க வழக்கில் முதல் சப்ஸ்டிட்யூட் வலப்பக்க வெளி முனையில் ஏறினால், உச்சியில் கொடி பறக்கிற அதிகாரி இப்போது கப்பலில் இல்லை என்று பொருள். மூன்றாவது இடப்பக்க வெளி முனையில் ஏறினால் கேப்டன் இல்லை. அவர் 72 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் அதே கொடி துணைத்தலைவர் இல்லாததைக் குறிக்கும். பகலில், துறைமுகத்தில் மட்டும். இது ஒரு விஷயத்தை உறுதி செய்கிறது: ஆள் கரைக்குப் போனாலும் பதவிக்கொடி இறங்குவதில்லை. ஆணை அங்கேயே இருக்கிறது, ஆள் இல்லை என்பதைச் சொல்லத்தான் தனிக்கொடி.

நங்கூரம்:

1805 திருத்தம் சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் 1864-க்குப் பிந்தைய கண்ணோடு எழுதிவிட்டேன்.

மற்ற நாடுகளைப் பற்றி இரண்டு வரி. எந்தக் கணக்கு என்று தெரியாமல் கொடி படிக்கக் கூடாது. ஜெர்மானியப் பேரரசுக் கடற்படை பிரிட்டிஷ் உருண்டையை எடுத்துக் கறுப்பாக்கிக்கொண்டது, அங்கேயும் உருண்டை கூடினால் பதவி இறங்கும். பிரான்சில் மூவர்ணச் சதுரக்கொடியின் நீலப் பகுதியில் வெள்ளை நட்சத்திரங்கள்: ரியர் அட்மிரலுக்கு இணையான கோந்த்ர்-அமிராலுக்கு இரண்டு, வைஸ்-அமிராலுக்கு மூன்று. அங்கே கூடினால் ஏறும். இந்தியாவில் அட்மிரலின் காரில் இருக்கும் நட்சத்திரப் பலகையைப் பார்த்தவர்கள் கப்பல் கொடியிலும் அதே கணக்கைத் தேடுவார்கள். காரில் கமடோருக்கு ஒன்று, அட்மிரலுக்கு நான்கு. இந்தியப் பதவிக்கொடிகளும் மாஸ்ட்ஹெட் பென்னன்டும், 2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் ஐஎன்எஸ் விக்ராந்த் பணியில் சேர்ந்த நாளில் அறிமுகமான புதிய என்சைனோடு மாற்றப்பட்டன. அந்த என்சைனில் செயின்ட் ஜார்ஜ் சிலுவை என்கிற சிவப்புச் சிலுவை போய், சத்ரபதி சிவாஜியின் முத்திரையைத் தழுவிய நீல எண்கோணம் வந்தது. சிலுவை 2001-ல் ஒருமுறை போய் 2004-ல் திரும்பியது என்பதால், இந்தியக் கப்பல் மாதிரி செய்கிறவர்கள் எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று மரமும் மூன்று தனிக்கொடியும் தாங்கிய கடைசிக் காட்சிகளில் ஒன்று ராயல் யாட் பிரிட்டானியா. அரசி ஏறியிருந்தால் முன் மரத்தில் லார்டு ஹை அட்மிரலின் நங்கூரக் கொடி, நடுவில் அரசியின் கொடியான ராயல் ஸ்டாண்டர்டு, பின் மரத்தில் யூனியன் கொடி. 1997-ல் பணி முடிந்தது.

அரைக்கம்பம் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். என்சைன் அரைக்கம்பத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு உச்சிக்கொடியையும் கீழே இறக்கி ஒட்டாதீர்கள். பொதுத் துக்கத்தில் பதவிக்கொடியும் கமிஷனிங் பென்னன்டும் மேலேயேதான் இருக்கும். அந்தக் கொடிக்கு உரியவரே இறந்திருந்தால்தான் அது தாழும்.

காகிதக்கப்பல்:

அளவும் கட்டும் முறையும் மட்டும் பாக்கி. 1:96 அளவில் செய்கிறேன்.

கொடிக்கயிறு:

பிரிட்டிஷ் கொடிகளை ‘பிரெத்’ என்ற அலகில் அளந்தார்கள். ஒரு பிரெத் 9 அங்குலம். ஆறு பிரெத் என்சைன் 54 அங்குல உயரமும் 108 அங்குல நீளமும் உடையது, அதாவது 1:2. ஆனால் அட்மிரல் கொடி 2:3 விகிதம். இரண்டையும் ஒரே விகிதத்தில் வெட்டிவிட்டால் அட்மிரல் கொடி அநியாயத்துக்கு நீண்டு நிற்கும். 1:96-ல் 54 அங்குலம் 14.3 மில்லிமீட்டர் ஆகிறது. என்சைன் 14.3 × 28.6, அதே உயர அட்மிரல் கொடி 14.3 × 21.4. இந்த எண்கள் கணக்குப் போட்டுக் காட்டத்தான். உங்கள் கப்பலின் கொடி எத்தனை பிரெத் என்பதை அதன் படத்திலிருந்து எடுங்கள்.

மெல்லிய காகிதமோ நுண்பட்டோ எடுத்து, கொடியின் குறுக்காக அல்லாமல் சாய்வாக மடிப்பு விடுங்கள். கொடி தொங்கும்போது மடிப்பு கம்பத்தோர மேல்மூலையிலிருந்து சரிந்துதான் விழும். உருண்டையும் சிலுவையும் இரு பக்கமும் ஒன்றன் பின்புறம் ஒன்று சரியாக விழ வேண்டும். ஒரு பக்கம் அச்சடித்து மடித்து ஒட்டுவதாக இருந்தால் மடிப்பு கம்பத்தோரத்தில் வரட்டும், பறக்கும் முனையில் வந்தால் அங்கே தடித்து விறைக்கும்.

பென்னன்ட் உச்சியில் நேரே கட்டப்படுவதில்லை. பாய்க்கப்பல் காலத்தில் அதன் அகலமான முனையை ஒரு சிறு குச்சியில் கட்டி, குச்சியின் இரு முனையிலிருந்தும் கயிறு இணைத்து ஏற்றுவார்கள். குச்சி இல்லாவிட்டால் முனை சுருண்டு கயிறாகிவிடும். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பி போதும், பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். இன்றைய கப்பல்களில் பென்னன்ட் குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உச்சியில் சுழலும் ரேடாரில் சிக்கும், புகைபோக்கியின் சூட்டில் கருகும். டெஸ்ட்ராயருக்கு 1805 பென்னன்டின் நீளத்தைப் போட்டுவிடாதீர்கள்.

மாலுமிநூலகம்:

உண்மைக் கொடியைக் கட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். பழைய கட்டு, மேலே மரக்கட்டை டாகிள், கீழே கயிற்று வளையம். கொடியின் டாகிள் கொடிக்கயிற்றின் வளையத்துக்குள் நுழையும். டாகிள் எப்போதும் மேல்பக்கம், அதனால் இருட்டிலும் விரலால் தடவியே தலைகீழாகப் போகாமல் கட்டலாம். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இங்கில்ஃபீல்டு கண்டுபிடித்த சி வடிவ உலோகக் கொக்கி வந்தது. இரண்டு கொக்கிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிடித்து வாய்க்குள் வாய் நுழைத்தால் பூட்டும், கயிறு இழுபட்டிருக்கும்வரை கழலாது. தளர்ந்து ஆடினால் மட்டும் சில சமயம் கழன்றுவிடும்.

பதவிக்கொடியைச் சுருட்டி உச்சிக்கு ஏற்றி வைத்து, அதிகாரி கால் வைக்கும் கணத்தில் ஒரே இழுப்பில் விரிப்பார்கள். கொடியை நீளவாக்கில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து கம்பத்தோரம் நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். கீழ்க்கயிற்றால் உருளையை இரண்டு சுற்றுச் சுற்றி, அதே கயிற்றின் ஒரு மடிப்பை மட்டும் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். கயிற்றின் நுனியைச் செருகினால் முடிச்சாகிவிடும், விரியாது. மூன்று நான்கு சுற்றுச் சுற்றினாலும் மடிப்பை ஆழமாகத் தள்ளினாலும் இதே கதி. ஈரத்துணி ஒட்டிக்கொள்ளும், ஆகவே மழையில் ஒரு சுற்றைக் குறையுங்கள். ஏற்றும்போது கீழ்க்கயிறு தளர்ந்தே இருக்க வேண்டும், கீழே நிற்கிறவர் பழக்கதோஷத்தில் அதை இறுக்கிப் பிடித்தால் கொடி பாதி உயரத்திலேயே விரிந்துவிடும். சுருள் உச்சியை முட்டி நின்றபின், விரிக்க வேண்டிய கணத்தில் மட்டும் கீழ்க்கயிற்றைச் சுண்டி இழுங்கள்.

கிழிந்த கமிஷனிங் பென்னன்டை மாற்றும்போது இரண்டாவது கயிற்றில் புதியதை முதலில் ஏற்றிவிட்டுப் பழையதை இறக்குங்கள். ஒரே கயிறுதான் இருக்கிறதென்றால், பழையதன் கீழ் வளையத்திலேயே புதியதன் தலையைக் கட்டி வைத்திருந்தால் உச்சி வெறுமையாகும் நேரம் சில நொடிகள்தான்.